தாவரமே பசுமைக்குச் சான்றாகுமா? நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் நானோ பொருள்களின் பசுமைத் தொகுப்பு வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

தாவரச் சாற்றின் துணையால் உலோக நானோ துகள்களை உருவாக்கும் முறை 'பசுமைத் தொகுப்பு' என வழங்கப்படுகிறது. மருத்துவத்திலும் சுற்றுச்சூழல் தூய்மையிலும் பயன்படும் இத்துகள்கள் குறித்த ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் தமிழகக் கல்வி நிறுவனங்களில் பெருகியுள்ளன. இவற்றுள் பலவும், பயன்படுத்திய மூலப்பொருள் தாவரம் என்பதையே பசுமைக்குப் போதிய சான்றாகக் கொள்கின்றன. இக்கொள்கையை நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் வரலாற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பழுப்பு நிலக்கரியும் தாவரத்திலிருந்து தோன்றியதே. எனினும் அதன் பயன்பாட்டைப் பசுமை என எவரும் கூறுவதில்லை. ஆகவே பசுமை என்பது மூலப்பொருளின் பிறப்பைக் குறித்ததன்று, அப்பொருள் கடந்து செல்லும் வழி முழுவதையும் குறித்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: நெய்வேலி, பழுப்பு நிலக்கரி, பசுமைத் தொகுப்பு, வெள்ளி நானோ துகள், ஹியூமிக் அமிலம், பசுமை வேதியியல்.

முன்னுரை

அறிவியலில் ஒரு சொல் புழக்கத்திற்கு வந்த பின்னர், அச்சொல்லின் பொருள் எல்லை காலப்போக்கில் விரிவதும் சுருங்குவதும் உண்டு. 'பசுமை' என்னும் சொல் அத்தகையது. வேளாண்மையில் அது விளைச்சல் பெருக்கத்தையும், காட்டியலில் மரம் நடுதலையும், வேதியியலில் நச்சுக் குறைந்த தயாரிப்பு முறையையும் குறித்து வருகிறது. நானோ அறிவியலில் இச்சொல் பெரும்பாலும் ஒற்றைப் பொருளில் ஆளப்படுகிறது. இலை, பட்டை, வேர், கனி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றின் சாறு வேதிப்பொருளுக்கு மாற்றாகப் பயன்பட்டால் அம்முறை பசுமையானது எனக் கொள்ளப்படுகிறது.

கடலூர் மாவட்டத்தில் இக்கருத்தைச் சோதித்துப் பார்ப்பதற்கு உரிய இரு வரலாறுகள் அருகருகே அமைந்துள்ளன. ஒன்று, நெய்வேலியில் புதையுண்ட தாவரம் எரிபொருளான வரலாறு. மற்றொன்று, பரங்கிப்பேட்டையில் உவர்நிலத் தாவரத்தின் சாறு வெள்ளி நானோ துகள்களை உருவாக்கிய வரலாறு. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்வேலி: புதையுண்ட தாவரத்தின் வரலாறு

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மூன்றாம் நிலவியல் ஊழியில் படிந்த தாவரப் பொருளால் ஆனது. சதுப்பு நிலக் காடுகளின் மரங்களும் இலைகளும் நீருக்கடியில் காற்றின்றி அழுகி, மேற்படிந்த மணல், களிமண் ஆகியவற்றின் அழுத்தத்தால் இறுகி, கரியாக மாறின. இம்மாற்றம் முழுமை பெறாத நிலையே பழுப்பு நிலக்கரி. இதனால்தான் வெட்டியெடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரப்பதமாக உள்ளது. இப்படிவிலுள்ள மகரந்தத் தூள்களை ஆராய்ந்து இராமானுஜம் 1966இல் வெளியிட்ட ஆய்வு, அக்காலத் தாவரங்களை அடையாளம் காண்பதற்குத் தொடக்க நிலைச் சான்றாக அமைந்தது.

1930களில் நெய்வேலிப் பகுதி நிலவுடைமையாளரான தி. மா. ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிப்பட்டது. அவர் அதனை அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். 1940களில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை துளையிட்டு ஆராய்ந்தது. 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் பதிவு பெற்றது. 1957 மே 20ஆம் நாள் சுரங்கப் பணியை அன்றைய தலைமை அமைச்சர் நேரு தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படலம் வெளிப்பட்டது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் அமைந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் திறனை எட்டிய அந்நிலையம் ஏறத்தாழ 58 ஆண்டுகள் இயங்கி 2020இல் மூடப்பட்டது.

தொடக்கத் திட்டத்தில் பழுப்பு நிலக்கரி எரிபொருளாக மட்டும் கருதப்படவில்லை என்பது கருதத்தக்கது. யூரியா உரம், 'லெக்கோ' என்னும் பெயரில் விற்கப்பட்ட கரிக்கட்டி, சுத்திகரிக்கப்பட்ட களிமண் ஆகியவற்றுக்கும் தனித்தனி ஆலைகள் நிறுவப்பட்டன. இவ்வகையில், தாவரப் படிவு ஒரு வேதி மூலப்பொருள் என்னும் எண்ணம் நெய்வேலியில் தொடக்கம் முதலே இருந்துள்ளது.

இவ்வளர்ச்சிக்குக் கொடுக்கப்பட்ட விலையும் வரலாற்றின் பகுதியே. திறந்தவெளிச் சுரங்கத்தில் ஒரு டன் கரியை எடுப்பதற்குப் பல கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். கரிப்படலத்தின் கீழே மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் தங்கியுள்ளது. சுரங்கத்தின் அடித்தளம் உடையாமலிருக்க அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்க வேண்டியுள்ளது. சுரங்கத்திற்காகச் சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற நிலத்தில் சுரங்கப் பணிக்கான கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, நிலம் குறித்த இக்கேள்வி இன்னும் முடிவுறவில்லை என்பதைக் காட்டியது.

இலைச்சாறும் உலோகமும்: மருத்துவ மரபின் இடம்

உலோகத்தையும் தாவரத்தையும் இணைத்து மருந்து செய்யும் வழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் பற்பம், செந்தூரம் முதலியவை செய்யும்போது உலோகம் முதலில் சுத்தி செய்யப்படும். பின்னர் குறித்த மூலிகைச் சாறு விட்டுப் பல சாமம் அரைத்து, வில்லை தட்டி உலர்த்தி, அகலில் இட்டுச் சீலைமண் செய்து, வறட்டியால் புடமிடப்படும். இம்முறை மருந்துக்கேற்பப் பலமுறை மீண்டும் செய்யப்படும்.

இத்தகைய மரபு மருந்துகளை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்த அண்மைக்கால ஆய்வுகள், சிலவற்றில் நானோ அளவிலான துகள்கள் இருப்பதைக் கண்டறிந்துள்ளன. ஆயுர்வேதத் தங்க பஸ்பத்தில் 56 முதல் 57 நானோமீட்டர் சராசரி அளவுள்ள தங்கத் துகள்கள் உள்ளதாக 2007இல் வெளியான ஓர் ஆய்வு குறிப்பிட்டது. இதனைக் கொண்டு முன்னோர் நானோ தொழில்நுட்பம் அறிந்திருந்தனர் என முடிவு கட்டுவது வரலாற்று நோக்கில் பொருந்தாது. அவர்கள் அறிந்திருந்தது செய்முறை. நிறம், மென்மை, நீரில் மிதத்தல், விரல் வரைகளில் படிதல் போன்ற புலனறி அடையாளங்களால் அவர்கள் மருந்தின் முடிவு நிலையை உறுதி செய்தனர். துகளின் அளவை அளவிடும் கருத்தாக்கமும் கருவியும் பிற்காலத்தவை. மேலும் புடத்தில் நிகழ்வது உயர் வெப்ப மாற்றம். இன்றைய பசுமைத் தொகுப்பு நீர்க்கரைசலில் மிதமான வெப்பநிலையில் நிகழ்கிறது. இரண்டும் ஒன்றல்ல.

எனினும் மரபிலிருந்து கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. மூலிகை சேர்த்ததனால் மட்டும் மருந்து தூயதாகிவிட்டது என மரபு கருதவில்லை. சுத்தி, புட எண்ணிக்கை, அனுபானம், பத்தியம் என ஒவ்வொரு படிக்கும் அது தனித்தனி விதி வகுத்தது. மூலப்பொருளை விட முறைக்கு முதன்மை தந்த பார்வை இது.

பசுமைத் தொகுப்பின் தோற்றமும் வளர்ச்சியும்

மைக்கேல் ஃபாரடே 1857இல் தங்கக் கூழ்மத்தின் செந்நிறத்திற்கு மிக நுண்ணிய தங்கத் துகள்களே காரணம் என விளக்கினார். டர்கெவிச்சும் அவர்தம் குழுவினரும் 1951இல் சிட்ரேட் உப்பைக் கொண்டு சீரான தங்கத் துகள்களை உருவாக்கும் முறையை நெறிப்படுத்தினர். பின்னர் சோடியம் போரோஹைட்ரைடு போன்ற வலிமை மிக்க ஒடுக்கும் காரணிகளும் கரிமக் கரைப்பான்களும் பரவலாகப் பயன்பட்டன. இவற்றின் நச்சுத்தன்மை மாற்று வழியைத் தேடத் தூண்டியது.

1998இல் பால் அனஸ்டாஸ், ஜான் வார்னர் ஆகியோர் பசுமை வேதியியலின் பன்னிரண்டு நெறிகளை வகுத்தனர். 2002இல் கார்டியா-டோரஸ்டே குழுவினர் உயிருள்ள குதிரைமசால் செடிக்குள் தங்க நானோ துகள்கள் உருவாவதைக் காட்டினர். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் 2003இல் ஜெரேனியம் இலைச்சாற்றாலும், 2004இல் வேப்பிலைச் சாற்றாலும் எலுமிச்சைப்புல் சாற்றாலும் துகள்களை உருவாக்கினர். 2006இல் சோற்றுக்கற்றாழை இவ்வரிசையில் சேர்ந்தது. இவ்வாய்வுகளே இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவை.

இதன் செயல்முறை எளியது. வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச்சாற்றைச் சேர்க்கும்போது, சாற்றிலுள்ள பாலிபீனால், ஃபிளேவனாய்டு, சர்க்கரை முதலியவை வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானை வழங்கி அதனை உலோக வெள்ளியாக ஒடுக்குகின்றன. உருவான அணுக்கள் ஒன்றுகூடித் துகளாக வளர்கின்றன. சாற்றிலுள்ள புரதம், டெர்பினாய்டு போன்றவை துகளின் மேற்பரப்பில் படிந்து அவை ஒன்றோடொன்று திரளாமல் காக்கின்றன. கரைசல் பழுப்பு நிறமாக மாறுவது துகள் உருவானதற்கு முதல் அடையாளமாகும்.

கடலூர் மாவட்டத்தில் இத்துறைக்கு உரிய இடம் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த கதிரேசன் குழுவினர் 2009இல் சதுப்புநிலக் காட்டுப் படிவிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சையைக் கொண்டு வெள்ளித் துகள்களை உருவாக்கினர். 2010இல் வெளியான அடுத்த ஆய்வில் 'செசுவியம் போர்டுலாகாஸ்ட்ரம்' என்னும் உவர்நிலத் தாவரத்தின் இலைச்சாறும், அதன் திசு வளர்ப்பில் பெற்ற திரள் செல்களின் சாறும் ஒப்பிடப்பட்டன. 5 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள கோளத் துகள்கள் கிடைத்தன. இலைச்சாற்றினும் திரள் செல் சாறு மிகுதியாகச் செயல்பட்டது. துகள்கள் பூஞ்சைகளை விடப் பாக்டீரியாக்களைத் திறம்படக் கட்டுப்படுத்தின. பாலிவினைல் ஆல்கஹால் சேர்த்தபோது அத்திறன் கூடியது. இறுதியாகச் சுட்டிய முடிவு முதன்மையானது. நிலைநிறுத்தும் பணியில் செயற்கைப் பலபடியின் துணை பயனளித்தது என்பதை ஆய்வாளர்களே பதிவு செய்துள்ளனர்.

மருத்துவப் பயன்பாடும் அதன் வரம்புகளும்

வெள்ளியின் நுண்ணுயிர் எதிர்ப்புத் திறன் நீண்ட வரலாறுடையது. தீக்காயங்களுக்கான சில்வர் சல்ஃபாடையசின் களிம்பு 1968இல் அறிமுகமானது. நானோ வெள்ளியும் பெரிதும் இதே அடிப்படையில், அதாவது மெல்ல வெளியிடும் வெள்ளி அயனியால் செயல்படுகிறது. துகளின் மேற்பரப்பு மிகுதியாக இருப்பதால் குறைந்த அளவு வெள்ளியே போதுமானதாகிறது.

ஆயினும் தாவர வழித் துகள்கள் ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்குச் செல்வதில் இரு தடைகள் உள்ளன. முதலாவது, தரப்படுத்தல். ஒரே செடியின் இலையாயினும் பருவம், மண், முதிர்ச்சி, உலர்த்திய முறை ஆகியவற்றுக்கேற்பச் சாற்றின் சேர்மங்கள் மாறுபடும். இதனால் துகளின் அளவும் மாறுபடும். இரண்டாவது, பாதுகாப்பு. பாக்டீரியாவை அழிக்கும் வெள்ளி அயனி, அளவு மிகுந்தால் மனிதச் செல்லையும் நீர்வாழ் உயிரினங்களையும் தாக்கும். துகளின் மேற்பரப்பில் தாவரப் பொருள் படிந்திருப்பது இந்நச்சுத்தன்மையை நீக்கிவிடுவதில்லை. 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்னும் முடிவு சோதனையால் நிறுவப்பட வேண்டியதேயன்றி முன்முடிவாகக் கொள்ளத்தக்கதன்று.

சுற்றுச்சூழல் பயன்பாடும் பழுப்பு நிலக்கரியின் மறுவருகையும்

சுற்றுச்சூழல் தூய்மையில் இரும்பு நானோ துகள்கள் முதன்மை பெறுகின்றன. பசுந்தேயிலைச் சாற்றால் உருவாக்கிய இரும்புத் துகள்கள் ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சேர்ந்து சாயப்பொருளைச் சிதைப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2009இல் காட்டினர்.

இவ்விடத்தில் நெய்வேலி மீண்டும் தொடர்புறுகிறது. முதிராத நிலக்கரியாதலின் பழுப்பு நிலக்கரியில் ஹியூமிக் அமிலம் மிகுதியாக உள்ளது. காரக் கரைசலால் இதனைப் பிரித்தெடுக்கலாம். நெய்வேலி நிறுவனத்தின் ஆய்வு மையம் பொட்டாசியம் ஹியூமேட் தயாரிக்கும் முறையை உருவாக்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து பெற்ற ஹியூமிக் அமிலத்தைப் பயிர்களுக்கு இட்டு ஆராய்ந்தனர்.

ஹியூமிக் அமிலம் நானோ அறிவியலிலும் இடம்பெற்றுள்ளது. 2008இல் சீன ஆய்வாளர்கள் காந்த இரும்பு ஆக்சைடுத் துகள்களின் மேல் இதனைப் பூசி, நீரிலிருந்து பாதரசம், காரீயம் ஆகியவற்றை 99 விழுக்காட்டிற்கு மேலும், செம்பு, காட்மியம் ஆகியவற்றை 95 விழுக்காட்டிற்கு மேலும் நீக்கினர். ஆற்றுப் படிவிலிருந்து பெற்ற ஹியூமிக் அமிலம் வெள்ளி அயனியை அறை வெப்பநிலையிலேயே நானோ துகளாக மாற்றுவதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. இலைச்சாறு செய்யும் அதே ஒடுக்கப் பணியை, மட்கிய தாவரத்தின் எச்சமும் செய்கிறது என்பது இதன் பொருள்.

எனவே நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் ஹியூமிக் அமிலத்தால் நானோ துகள் உருவாக்கப்படின் அது தாவர வழிப்பட்ட தொகுப்பே ஆகும். ஆனால் அதனைப் பசுமையானது எனலாமா என்பதே வினா. அம்மூலப்பொருளுக்காக அகற்றப்பட்ட மண்ணும் இறைக்கப்பட்ட நீரும் கணக்கில் வாராவிடில் 'ஆம்' என்றும், வருமாயின் அவ்வளவு எளிதில் விடை கூற இயலாது என்றும் அமையும்.

பசுமையின் அளவுகோல்

பழுப்பு நிலக்கரி புதுப்பிக்கத்தக்கதன்று, இலையோ ஆண்டுதோறும் தளிர்ப்பது, ஆகவே இரண்டையும் ஒப்பிடல் தகாது என வாதிடலாம். இவ்வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அது இக்கட்டுரையின் கருத்தையே வலியுறுத்துகிறது. புதுப்பிக்கத்தக்க தன்மை என்னும் தனி நிபந்தனையைச் சேர்த்த உடனேயே, 'தாவரம்' என்னும் அடையாளம் மட்டும் போதாது என்பது ஒப்புக்கொள்ளப்படுகிறது. அனஸ்டாஸ், வார்னர் வகுத்த பன்னிரண்டு நெறிகளுள் புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் என்பது ஏழாவது நெறி மட்டுமே. கழிவு தோன்றாமல் தடுத்தல், ஆற்றல் சிக்கனம், பயனுக்குப் பின் தீங்கின்றிச் சிதைதல் போன்றவை எஞ்சிய நெறிகளுள் அடங்குவன. 2003இல் ரவீந்திரன் குழுவினர் நானோ தொகுப்பிற்கெனக் கரைப்பான், ஒடுக்கும் காரணி, நிலைநிறுத்தும் காரணி ஆகிய மூன்றையும் பசுமை நோக்கில் தேர்ந்தெடுக்க வேண்டும் என வலியுறுத்தினர். இலைச்சாறு இம்மூன்றனுள் இரண்டிற்கே விடை தருகிறது. உலோக உப்பு எங்கிருந்து வந்தது, சாறு காய்ச்சிய வெப்பம் எவ்வாறு பெறப்பட்டது, எஞ்சிய கரைசல் எங்கே ஊற்றப்பட்டது என்னும் வினாக்கள் நிற்கின்றன. சாற்றைக் கொதிக்கவைத்த மின்சாரம் அனல்மின் நிலையத்திலிருந்து வந்திருப்பின், பசுந்தாவரத்தின் பின்னே புதையுண்ட தாவரம் எரிந்திருக்கிறது.

இதற்கு மறுதலையான சான்றும் தமிழகத்திலேயே உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பிரதீப் குழுவினர் 2013இல் வெளியிட்ட நீர்த்தூய்மிப்புப் பொருள், கைட்டோசனும் அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும் கொண்ட கலவையில் வெள்ளி நானோ துகள்களைப் பதித்து உருவாக்கப்பட்டது. கைட்டோசன் இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளிலிருந்து கிடைப்பது, தாவரப் பொருளன்று. எனினும் இப்பொருள் நீரில், அறை வெப்பநிலையில் உருவாகிறது. வெள்ளி அயனி லிட்டருக்கு ஏறத்தாழ 0.04 மில்லிகிராம் அளவில் சீராக வெளிப்படுவதையும் அவர்கள் அளவிட்டனர். இந்தியக் குடிநீர்த் தர வரம்பான 0.1 மில்லிகிராமை விட இது குறைவு. தாவரமின்றியும் ஒரு பொருள் பசுமை நெறிகளை நெருங்க இயலும் என்பதற்கும், பசுமை என்பது அளவிட்டு நிறுவப்படும் பண்பு என்பதற்கும் இது சான்றாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, தாவரச் சாற்றால் நானோ துகளை உருவாக்கும் முறை, நச்சு மிக்க ஒடுக்கும் காரணிகளுக்கு மாற்றாகத் தோன்றிய பயனுள்ள வளர்ச்சி. பரங்கிப்பேட்டை ஆய்வுகள் இவ்வளர்ச்சியில் இடம்பெறத்தக்கவை. இரண்டாவது, சித்த மருத்துவ மரபை இதன் முன்வடிவமாகக் காட்டுவதைவிட, படிதோறும் விதி வகுத்த அதன் ஒழுங்கை எடுத்துக்கொள்வதே தகும். மூன்றாவது, தாவரப் பிறப்பு பசுமைக்குத் தேவையான நிபந்தனையும் அன்று, போதுமான நிபந்தனையும் அன்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி தாவரமாயிருந்தும் பசுமையன்று. கைட்டோசன் வழிக் கலவை தாவரமன்றாயினும் பசுமையை நெருங்குகிறது.

ஆதலால் இனி எழுதப்படும் ஆய்வேடுகளில் 'பசுமைத் தொகுப்பு' எனத் தலைப்பிடும்போது, பயன்படுத்திய உலோக உப்பின் அளவு, செலவான ஆற்றல், துகளிலிருந்து வெளியேறும் அயனியின் அளவு, கழிவுக் கரைசலின் முடிவு ஆகிய நான்கையும் பதிவு செய்தல் வேண்டும். இவை எளிய ஆய்வகங்களிலும் அளவிடக்கூடியவை. தாவரப் பொருளால் விளைந்த வளத்தையும் அதற்குக் கொடுத்த விலையையும் ஒருங்கே கண்ட மாவட்டத்திலிருந்து இவ்வழக்கம் தொடங்குவது பொருத்தமாகும்.